மளிகைக் கடைக்காரர்களிடம் தொலைவிலிருந்து யூசபிலிட்டி டெஸ்ட்: திரையைப் பகிரச் சொன்னாலே போனை வைத்துவிடுகிறார்கள்

பிக்சல்_கோவை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சின்ன ஸ்டார்ட்அப் ஒன்றில் டிசைனராக இருக்கிறேன். ஆராய்ச்சிக்கென்று தனியாக ஆள் கிடையாது, அந்த வேலையும் என் தலையில்தான். மளிகைக் கடைகளுக்கான கடன் நோட்டு ஆப் ஒன்று செய்கிறோம், முழுக்கத் தமிழில். யார் எவ்வளவு பாக்கி, எப்போது கொடுத்தார், மாசக் கடைசியில் மொத்தம் என்ன, வாட்ஸ்ஆப்பில் ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான். கடைக்காரர்கள் தேனி, விருதுநகர், நாகப்பட்டினம் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். நேரில் போய்வர ஆபீஸில் காசு தர மாட்டேன் என்கிறார்கள், அதனால் ஆப்பை அவர்களால் தடுமாறாமல் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் யூசபிலிட்டி டெஸ்ட் எல்லாம் தொலைவிலிருந்தே செய்தாக வேண்டும்.

ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் செய்த புரோட்டோடைப் (தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரி ஆப்), ஜூம் லிங்க், மொபைல் திரையைப் பகிரச் சொல்வது, சில டாஸ்க் கொடுத்து மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்வது, இதுதான் நான் செய்கிற முறை. நடப்பது வேறு. ஜூமை இறக்கி, பெயர் போட்டு, ஆடியோ அனுமதி கொடுத்து உள்ளே வருவதற்குள் கால் மணி நேரம் போய்விடுகிறது, இலவசக் கணக்கில் மொத்தமே 40 நிமிடம். திரையைப் பகிருங்கள் என்றதும் "எதுக்குங்க? ஜிபே எல்லாம் இதுலதான் இருக்கு" என்று பாதிப்பேர் போனை வைத்துவிடுகிறார்கள், அப்புறம் எடுப்பதே இல்லை. மிச்சப்பேர் "நல்லா இருக்குங்க சார், சூப்பருங்க" என்பதைத் தாண்டி வாயே திறப்பதில்லை. திரை மட்டும்தான் தெரிகிறது, விரல் எங்கே தடுமாறுகிறது என்று தெரியவில்லை.

இந்த மாதிரி ஆட்களிடம் செய்து பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நல்ல லேப்டாப்பும் ஃபைபர் இணைப்பும் உள்ள ஐடி ஆட்களை வைத்துச் செய்யும் முறை வேண்டாம், அது எனக்கே தெரியும்.

---

மலர்_யூஎக்ஸ்

முதலில் போனை வைத்தவர் பக்கம் நின்று பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிடுகிறார், ஒரு ஆப்பை இறக்கச் சொல்கிறார், திரையைக் காட்டச் சொல்கிறார், முடிந்ததும் பணம் தருவதாகவும் சொல்கிறார். மோசடிக்காரன் சொல்வதும் வரிக்கு வரி இதேதானே. அடுத்தவர் போனைத் தொலைவிலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் எனிடெஸ்க் ஆப்பை வைத்து யூபிஐ பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அன்றிலிருந்து வங்கிகளும் திரையைப் பகிராதே என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கடைக்காரர் விவரமான ஆள், அவ்வளவுதான்.

அதனால் உங்கள் முதல் வேலை டூல் தேடுவது இல்லை, நடுவில் ஒரு தெரிந்த ஆளைப் பிடிப்பது. கடைக்கு வாராவாரம் ஆர்டர் எடுக்க வரும் சேல்ஸ்மேன், மொத்த வியாபாரி, ஊர் வணிகர் சங்கத்தில் ஒருவர் என்று யாராவது "நம்ம ஆளுங்கதான், பேசுங்க" என்று சொன்னால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. டெஸ்டுக்கு முந்தின நாளே கூப்பிட்டுச் சும்மா பேசுங்கள். கடை எத்தனை வருஷமாக ஓடுகிறது, கடன் நோட்டு எப்படி எழுதுகிறார்கள், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதையும் இறக்கச் சொல்லாதீர்கள். நேரத்தை அவர்களே சொல்லட்டும். காலையும் சாயங்காலமும் வியாபார நேரம், பெரும்பாலும் மதியம் 2 மணிக்கு மேல்தான் கூட்டம் ஓயும். அப்போதும் நடுவில் யாராவது தீப்பெட்டி கேட்டு வரத்தான் செய்வார்கள், வரட்டும். அவர் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்தை உங்கள் ஆப்பில் கண்டுபிடிக்கிறாரா என்பதை லேபில் உட்கார்ந்து பார்க்கவே முடியாது.

ஜூமைத் தூக்கிப் போடுங்கள். வாட்ஸ்ஆப் வீடியோ அழைப்பிலேயே 2023 ஆகஸ்டிலிருந்து திரையைப் பகிரும் வசதி இருக்கிறது. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஆப், தெரிந்த பச்சைப் பட்டன், நிமிடக் கணக்கும் கிடையாது. வாட்ஸ்ஆப்பில் பதிவு செய்யும் வசதி இல்லை, ஆகவே நீங்கள் லேப்டாப் வாட்ஸ்ஆப்பிலிருந்து அழைத்து ஓபிஎஸ் மென்பொருளில் அந்த ஜன்னலை மட்டும் பதிவு செய்யுங்கள், அவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு. பகிர்வதற்கு முன் அறிவிப்புகளை அடக்கும் 'தொந்தரவு செய்யாதே' பட்டனைப் போடச் சொல்லுங்கள், ஏன் போடச் சொல்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "உங்களுக்கு வர்ற மெசேஜ், ஓடிபி எதுவும் எனக்குத் தெரியக் கூடாது, அதுக்குத்தான்" என்று நீங்களாகவே சொன்னால் அவருக்குச் சந்தேகம் கொஞ்சம் இறங்கும்.

அப்படியும் தயங்குகிறாரா, வற்புறுத்த வேண்டாம். வீட்டில் இன்னொரு போன் கட்டாயம் இருக்கும். அதில் வீடியோ அழைப்புப் போட்டு, பின் கேமராவுக்கு மாற்றி, கல்லாப்பெட்டியிலோ எண்ணெய் டின்னிலோ சாய்த்து வைத்து, முதல் போன் மேசை மேல் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். படம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், டியூப்லைட் வேறு திரையில் அடிக்கும், ஆனால் நீங்கள் கேட்ட விரல் இதில் தெரியும். பட்டனுக்கு மேலே வந்து நின்று, தொடாமல், திரும்பப் போகிற விரல். திரைப் பகிர்வில் அதைப் பார்க்கவே முடியாது. எனக்குக் கேட்டால் கடைக்காரர்களுக்கு இதுதான் முதல் வழி, பகிர்வு இரண்டாவது.

அடுத்து 'சூப்பருங்க'. விருந்துக்குப் போன வீட்டில் சமையலைக் குறை சொல்வார்களா? நீங்கள் செய்ததை நீங்களே காட்டினால் அவர் வேறென்ன சொல்ல முடியும். "இதை நான் செய்யலீங்க, வேற டீம் செஞ்சது, எங்கே மாட்டுதுன்னு கண்டுபிடிக்கச் சொல்லி என்னை அனுப்பியிருக்காங்க" என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அந்தப் பொய் பிடிக்காது. நான் கேட்பது வேறு: "உங்க கடைல வேலை செய்யற பையனுக்கோ உங்க வீட்டம்மாவுக்கோ இதைக் கொடுத்தா எங்கே முழிப்பாங்க?" அடுத்தவர் பேரில் என்றால் தாராளமாகக் குறை வரும். பிடித்ததா, சுலபமா என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

சத்தமாக யோசிப்பதும் அப்படித்தான். மனக்கணக்குப் போட்டுப் பழகியவரிடம் யோசிப்பதை வாய்விட்டுச் சொல் என்றால் கணக்கே தப்பிப்போகும். முதலில் நீங்களே ஒரு தடவை செய்து காட்டுங்கள், உங்கள் ஆப்பில் இல்லை, வேறு எதிலாவது, போன மாதம் எடுத்த ஒரு போட்டோவைத் தேடுவது மாதிரி. ஒட்டவில்லை என்றால் விட்டுவிட்டு, ஒவ்வொரு டாஸ்க் முடிந்த கையோடு "அந்த இடத்துல கொஞ்சம் நின்னீங்களே, என்ன நினைச்சீங்க?" என்று கேளுங்கள்.

டாஸ்க்கை எப்படிச் சொல்கிறீர்கள்? 'பரிவர்த்தனையைச் சேர்க்கவும்' என்று திரையில் இருப்பதையே வாயாலும் சொன்னால் அவர் எழுத்தைத் தேடி அழுத்திவிடுவார், உங்களுக்கு எதுவும் தெரியவராது. "செல்வி அக்கா ஒரு கிலோ சர்க்கரையும் அரை லிட்டர் எண்ணெயும் வாங்கிட்டு, சம்பளம் வந்ததும் தர்றேன்னு போறாங்க, இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு மைக்கை மூடிவிடுங்கள். "இதை அழுத்தவா சார்?" என்று அவர் கேட்டால், "நான் லைன்ல இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?" என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம். நெட் இழுக்கும்போது உங்கள் பேச்சு தாமதமாகப் போய் அவர் பேச்சின் மேல் விழும், அதனால் நேரில் பொறுப்பதைவிட ஒரு மூச்சு கூடுதலாகப் பொறுக்க வேண்டும்.

---

ஏபிகே_ஏகாம்பரம்

நான் டெவலப்பர், மலர் சொன்னதோடு தொழில்நுட்பப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை நிறுவும் ஃபைல்) வாட்ஸ்ஆப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏபிகே அனுப்பித்தான் இப்போது மோசடிக்காரர்கள் போனுக்குள் நுழைகிறார்கள். உங்கள் ஃபைலும் அந்த வரிசையில்தான் போய் நிற்கும், போன் வேறு சிவப்பில் எச்சரிக்கை காட்டும். வெளியிடாத ஆப்பைச் சிலருக்கு மட்டும் கொடுக்கும் பிளே ஸ்டோரின் இன்டர்னல் டெஸ்டிங்கில் 100 பேர் வரை சேர்க்கலாம், முறையான வழி அதுதான், ஆனால் ஒவ்வொருவரின் ஜிமெயில் முகவரியும் உங்களுக்கு வேண்டும். கடையில் போன் வாங்கிய அன்று அங்கிருந்த பையன் ஏதோ ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்திருப்பான், அது என்னவென்று போன்காரருக்கே தெரியாது. அதனால் பிரவுசரில் திறக்கும் லிங்க்தான் உங்களுக்குச் சரி.

ஃபிக்மாவில் ஒரு விஷயம். தப்பான இடத்தைத் தொட்டால் சரியான இடங்கள் எல்லாம் நீலக் கட்டமாக மின்னும், பார்த்திருப்பீர்கள். அது ஹாட்ஸ்பாட் ஹின்ட்ஸ். அதை அணைக்காமல் டெஸ்ட் செய்தால் விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைக்கிற மாதிரி. பிரசன்டேஷன் ஆப்ஷன்ஸில் போய் அணைத்துவிட்டு லிங்கை எடுங்கள், மேலே வரும் ஃபிக்மா பட்டையையும் மறைத்துவிடுங்கள். ரேம் குறைந்த போனில் பெரிய புரோட்டோடைப் திணறும், ஒரு டாஸ்க்குக்கு ஒரு சின்ன ஃபைல் என்று பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் அவர் காத்திருப்பது டிசைன் புரியாமலா, படம் லோட் ஆகாமலா என்று பிரிக்கவே முடியாது. முக்கியமாக, ஃபிக்மா புரோட்டோடைப்பில் எழுத்துப் பெட்டி என்பது பெரும்பாலும் வெறும் படம், உண்மையாக டைப் செய்ய முடியாது. கடன் நோட்டு ஆப்பில் பாதி வேலையே பேரும் தொகையும் போடுவதுதானே? அவர் தமிழ்க் கீபோர்டைத் தேடுவாரா, ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிப்பாரா, மைக்கை அழுத்திப் பேசுவாரா, இதெல்லாம் படத்தில் தெரியாது. அந்த ஒரு திரையை மட்டுமாவது நிஜமான வெப் பக்கமாகச் செய்துவிடுங்கள், ஒரு டெவலப்பருக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை. அதே பக்கத்தில் தொட்ட இடத்தில் சின்ன வட்டம் தெரிகிற மாதிரி நாலு வரி ஸ்கிரிப்ட் போட்டால் திரைப் பகிர்விலும் விரலைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தொட்ட இடத்தைக் காட்டும் 'ஷோ டாப்ஸ்' இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அதை ஆன் செய்தால் சில வங்கி ஆப்கள் திறக்காது, அப்புறம் உங்களால்தான் ஜிபே போச்சு என்பார்.

அப்புறம், யூபிஐ ஆப்பில் பின் நம்பர் போடும் பக்கம் மாதிரியான இடங்கள் பகிர்வில் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும், அந்த ஆப்கள் அப்படிக் கட்டப்பட்டவை. அழைப்புக்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடலாம், பயம் குறையும்.

---

தென்காசி_தம்பி

நான் இந்தத் துறை இல்லை, அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார், அதனால் சொல்கிறேன். அப்பாவுக்கு இந்த மாதிரி ஒரு அழைப்பு வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தப் பக்கம் பேசியவர் "ஹோம் ஸ்கிரீனுக்குப் போங்க, மேலே லெஃப்ட்ல மெனு ஐகான் இருக்கும்" என்று ஆரம்பித்தார். அப்பா ரெண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்து "ஏலே, என்னமோ கேக்காவ பாரு" என்றார். மிச்ச டெஸ்ட் முழுக்க நான்தான் செய்தேன். டெஸ்ட் எடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது, கேமரா அணைந்திருந்தது. ரிப்போர்ட்டில் அப்பா வயதைப் போட்டு, எல்லா டாஸ்க்கும் சுலபமாக முடிந்தது என்று எழுதியிருப்பார் பாவம்.

போன் கை மாறுகிறதா என்று பாருங்கள், கேளுங்கள். மாறினாலும் கெட்டுப்போகவில்லை, எங்கள் வீட்டில் நிஜத்திலும் அப்படித்தான் நடக்கும், பாக்கி எழுதுவது அப்பா, போனில் ஏதாவது புதிதாகச் செய்வதென்றால் நான். இன்னொன்று, எங்கள் நோட்டில் எல்லோர் பேரும் இருக்காது, 'மேலத்தெரு டீச்சர்', 'பால்காரர் மகன்' என்றுதான் இருக்கும். புரோட்டோடைப்பில் 'வாடிக்கையாளர் 1, வாடிக்கையாளர் 2' என்று போட்டால் அப்பாவுக்கு அது வேறு யாருடைய கடையோ.

---

பிக்சல்_கோவை

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. விரலுக்கு இரண்டாவது போன் வழியை அடுத்த ஆளிடமே பார்க்கிறேன், ஹின்ட்ஸை இப்போதே அணைத்துவிட்டேன். தென்காசி, அந்த நோட்டுப் பெயர்களை எங்கள் டீமில் யாரும் யோசிக்கவே இல்லை.

மேனேஜர் இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார். டெஸ்டுக்கு ஐந்து பேர் என்பதெல்லாம் பத்தாது, கூட இருந்து நடத்தும் மாடரேட்டரே இல்லாமல் ஆன்லைன் பேனலில் (டெஸ்டுக்கென்றே ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம்) 30 பேருக்கு லிங்க் அனுப்பு, கடைசியில் பயன்படுத்தச் சுலபமா என்று மார்க் போடும் எஸ்யூஎஸ் கேள்விகளைப் போட்டு ஒரு மார்க் கொண்டு வா, முதலீட்டாளருக்குக் காட்டணும் என்கிறார். என்ன சொல்லி மறுப்பது, அல்லது மறுக்கத்தான் வேண்டுமா?

---

எண்ணும்_எழுத்தும்

மேனேஜர் சொல்வதில் பாதி சரி. அந்த 'ஐந்து பேர் போதும்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், யூசபிலிட்டி ஆராய்ச்சியாளர்கள் நீல்சனும் லண்டாவரும் 1993-ல் போட்ட கணக்கு, 2000-ல் நீல்சன் எழுதிய கட்டுரையால் ஊரெல்லாம் பரவியது. ஒரு சிக்கலை ஒரு ஆள் சந்திக்க சராசரியாக 31 சதவீத வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டால், ஐந்து பேரில் ஒருவராவது அதில் மாட்ட ஏறக்குறைய 85 சதவீத வாய்ப்பு. எல்லோரும் அந்த 85-ஐத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், 31-ஐ விட்டுவிடுகிறார்கள். பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கல் என்றால் அதே ஐந்து பேர் அதைப் பிடிக்க 41 சதவீத வாய்ப்புதான், 85-ஐத் தொட 18 பேர் வேண்டும். கடன் கணக்கில் இப்படிப்பட்ட அபூர்வச் சிக்கல்தான் ஆபத்து. தொகையை வரவுக்குப் பதில் பற்றில் எழுதிவிட்டால் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் சண்டை வரும், அது பத்தில் ஒருவருக்கு நடந்தாலும் போதும்.

ஆனால் அதற்கு மருந்து 30 பேரை ஒரே நாளில் பார்ப்பது இல்லை. நீல்சனே சொன்னது, 15 பேருக்குக் காசு இருந்தால் ஐந்து ஐந்தாக மூன்று சுற்று, நடுவில் திருத்தம். அதுவும் ஒரே மாதிரி ஆட்களுக்கு. கல்லாவில் உட்காரும் அப்பாவும் போன் பார்க்கும் மகனும் இரண்டு கூட்டம், தனித்தனியாகத்தான் எண்ண வேண்டும்.

பேனலில் யார் இருக்கிறார்கள் என்று மேனேஜரிடம் கேளுங்கள். டெஸ்ட் செய்து காசு பார்க்கத் தெரிந்தவர்கள், பெரும்பாலும் நகரத்தில், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் கடன் நோட்டு எழுதியிருப்பார்கள்? மாடரேட்டர் இல்லாத டெஸ்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேள்வி குறுகலாக இருந்தால் அது நல்ல ஆயுதம். 'மாசக் கணக்குப் பார்க்க முதலில் எங்கே தொடுவீர்கள்' என்று ஒரே படம், ஒரே தொடுதல், அதை நீங்கள் ஏற்கெனவே பேசிய கடைக்காரர்களுக்கே வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம், நின்றபடியே செய்துவிடுவார்கள். ஏன் தொட்டார் என்று மட்டும் அதில் தெரியாது.

எஸ்யூஎஸ் பற்றி ஒரு வேடிக்கை. ஜான் புரூக் 1986-ல் செய்த பத்துக் கேள்விகள், ஒன்று பாராட்டாகவும் அடுத்தது குறையாகவும் மாறி மாறி வரும். உங்கள் 'சூப்பருங்க' ஆள் மரியாதைக்குப் பத்துக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று ஐந்தைத் தட்டினால் மார்க் எவ்வளவு தெரியுமா? பாராட்டுக் கேள்வி ஐந்துக்கும் ஆளுக்கு 4, குறைக் கேள்வி ஐந்துக்கும் சுழி, மொத்தம் 20, அதை 2.5-ஆல் பெருக்கினால் சரியாக 50. சராசரியாக 68 என்று சொல்லப்படும் இடத்தில் 50 வந்தால் முதலீட்டாளர் முகம் எப்படியிருக்கும்? பாராட்டிய ஆளே உங்களைக் கவிழ்த்துவிடுவார். மேனேஜருக்கு மார்க்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு டாஸ்க்கையும் உதவியில்லாமல் முடித்தவர் எத்தனை பேர் என்று கொடுங்கள், கூடவே ஒரு விரல் தயங்கி நிற்கும் அரை நிமிட வீடியோத் துண்டு. நான் பார்த்தவரை கூட்டத்தில் பேசுவது அந்த வீடியோதான்.

---

நடைபாதை

தொலைவிலிருந்து செய்வதெல்லாம் சரி, கோவையிலேயே தெருவுக்குத் தெரு மளிகைக் கடை இருக்கிறதே? பஸ் டிக்கெட் காசில் ஒரு கடையில் அரை நாள் நின்று பாருங்கள். கடன் எழுதும்போது ஒரு கையில் தராசுத் தட்டு இருக்கும், இன்னொரு கை முழுக்க எண்ணெய். அதை எந்த வீடியோ அழைப்பிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கப்புறம் நாகப்பட்டினத்துக்குப் போன் போடுங்கள், கேள்வியே மாறியிருக்கும்.

---

மலர்_யூஎக்ஸ்

நடைபாதை சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அந்த முதல் கடையையே பைலட்டாகவும், அதாவது டெஸ்டின் ஒத்திகையாகவும், வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அந்த வீடியோத் துண்டை முதலீட்டாளருக்குக் காட்டப்போகிறீர்கள் என்றால், அதற்குத் தனியாக அனுமதி வேண்டும், டெஸ்டுக்குச் சரி என்றது இதற்குப் போதாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி எதற்காக எடுக்கிறோம் என்ற அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் பெறும் வாய்ப்பு இருக்க வேண்டும், சம்மதம் கொடுத்த அளவுக்குச் சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது, ஆனால் நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. ரெண்டு பக்கம் பிடிஎஃப் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், ஒரு நிமிடக் குரல் செய்தியாக அனுப்புங்கள், அழைப்பு தொடங்கியதும் திரும்ப வாயால் கேட்டு அவர் சரி என்பதையும் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான கடன் நோட்டைக் காட்டச் சொல்லாதீர்கள், அதில் இருக்கிற டீச்சரும் பால்காரர் மகனும் உங்களுக்குச் சம்மதம் தரவில்லை. தென்காசி மாதிரி மகன் போனை வாங்கினால், 18 வயதுக்குக் கீழே என்றால் அங்கேயே பதிவை நிறுத்திவிடுங்கள்.

டீமில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்றால் அவர்களை அந்த வாட்ஸ்ஆப் அழைப்பில் சேர்க்காதீர்கள், அத்தனை முகத்தைப் பார்த்தால் எவரும் இறுகிப்போவார். உங்கள் லேப்டாப் ஜன்னலை ஆபீஸின் கூகுள் மீட் அழைப்பில் காட்டுங்கள், அவர்கள் சந்தேகத்தைச் சாட்டில் எழுதட்டும். இப்படி ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

---

பிக்சல்_கோவை

கடைசியாக ஒன்று மட்டும். அவர்கள் நேரத்துக்குப் பணம் எப்படிக் கொடுக்கிறீர்கள்? யூபிஐ எண் கேட்டாலே பயப்படுகிறார்கள்.

---

ஏபிகே_ஏகாம்பரம்

ரீசார்ஜ். நம்பர் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, வேறு எதுவும் கேட்க வேண்டாம், எந்த கம்பெனி சிம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். யூபிஐதான் வேண்டும் என்று அவரே சொன்னால் அந்த எண்ணுக்கு அனுப்புங்கள், க்யூஆர் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வது, ரிக்வெஸ்ட் அனுப்புவது எதுவும் கூடாது. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் போடத் தேவையில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும், கேட்டீர்களென்றால் அத்தோடு சரி. ரீசார்ஜை டெஸ்டுக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள், நடுவில் கடைக்கு ஆள் வந்து அவர் பாதியில் எழுந்து போனாலும் அது அவருடையதுதான்.